உன் அண்ணனை இடம் மாற்றினோம்

மாடியா, பொட்டாரோ,
பிரிட்டிஷ் கயானா.
செப்டம்பர் 1938

அன்பு மகன் உல்ரிக்குக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடும் அளவுக்கு இருக்கிறோம், நீ அரூபா தீவில் அதைவிட நல்ல சுகத்தோடு இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். உன் கடிதம் லாரியில் வந்தது. மண்ணெண்ணெய் ஆலையின் சூடும் டச்சுக்கார மேஸ்திரியின் வாயும் தாங்க முடியவில்லை, வேலையை விட்டுவிட்டு வந்து அப்பாவோடு சேர்ந்து நம் பழைய இடத்தில் தங்கம் அலசலாமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் பலமுறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டிய துணி மூட்டை வந்துவிடும், இல்லையென்றால் என் கை ஓடாது. இன்று மழை, துணி காயாது, அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

நம் பழைய இடம் என்று இப்போது ஒன்றும் இல்லை கண்ணா. நீ போகும்போது கீழ் வளைவில் நின்றதே கம்பெனியின் டிரெட்ஜர், தண்ணீரில் மிதக்கும் அந்தப் பெரிய மிஷின், அது ஓடையைத் தின்றுகொண்டே மேலே வந்துவிட்டது. வாளி வாளியாக அடிமண்ணை அள்ளி, தங்கத்தை எடுத்துக்கொண்டு, கல்லைப் பின்னால் மலை மலையாகக் கொட்டுகிறது. நீ நீந்திய மடுவெல்லாம் இப்போது கொசு நிற்கும் குட்டை. காய்ச்சலுக்குக் குயினைன் மருந்து குடித்துக் குடித்து எனக்குக் காதுக்குள் எந்நேரமும் வண்டு கத்துகிறது. தனியாகத் தட்டு வைத்து அலசியவர்கள் எல்லாரும் இப்போது கம்பெனி கூலிகள்தான். அப்பாவும் கோடரி எடுத்துவிட்டார், டிரெட்ஜருக்கு முன்னால் காட்டை வெட்டி, கொதிகலனுக்கு விறகு அடுக்கும் கூட்டத்தில் இருக்கிறார். நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்று காலெல்லாம் புண். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். எல்லாம் முன்னேறிவிட்டது என்று ஜார்ஜ்டவுனிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பார்டிகா பட்டணத்திலிருந்து ரோடு வந்தது நல்லதுதான், அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். உன் அண்ணன் யூஸ்டஸ் காய்ச்சலில் கிடந்தபோது மருந்து ஏற்றி வந்த படகு அருவியில் கவிழ்ந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் பிள்ளை. இன்றைக்கென்றால் அந்த மருந்து லாரியில் ஒரே பகலில் வந்திருக்கும். லாரி போகும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும், தோன்றி என்ன செய்ய.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஈஸ்டர் கழிந்து கொஞ்ச நாளில், ஓடைக்கரை மேட்டிலிருக்கும் கல்லறைகளைத் தாண்டி டிரெட்ஜர் போகவேண்டும் என்று புது மேனேஜர் டால்பி துரை சொல்லிவிட்டார். மேட்டின் மரங்களை வெட்டவேண்டியது அப்பாவின் கூட்டம். அப்பா கோடரியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கட்டையில் உட்கார்ந்தார், அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். விறகு போகாமல் கொதிகலன் ஆறி, வாளிகள் நின்றன. எத்தனையோ வருடத்தில் முதல் தடவையாக இங்கே தவளைச் சத்தம் கேட்டது. துரை ஓடி வந்து, செத்தவர்களுக்காகச் சம்பளம் வேண்டாம் என்கிறீர்களா என்று கத்தினார். அப்பாவோடு மரம் வெட்டும் நம் காலெண்டர் மாமாவுக்கு வாய் சும்மா இருக்குமா, “துரை, நாங்க உழைச்சுக் களைச்சு உக்காந்திருக்கோம், அவங்க படுத்திருக்காங்க, ரெண்டு பேரையும் எழுப்பாதீங்க” என்றாராம். சிரித்ததற்காக இரண்டு பேருக்கு வேலை போயிற்று. அப்பா மட்டும் சிரிக்கவில்லை, “அங்க எம்புள்ள இருக்கான் துரை. நானே எடுத்து நானே வைக்கிறேன், அதுவரைக்கும் உங்க மிஷின் வரக்கூடாது” என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் அரசாங்க அதிகாரி வந்து பேசி, பெட்டிக்குப் பலகையும் ரோட்டோரத்தில் இடமும் கம்பெனி தருவது என்று முடிந்தது. சொந்தக்காரர் இல்லாதவர்களையும் நம் ஆட்களே எடுத்தார்கள், யாரையும் விட்டுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போனோம். அப்பாவும் காலெண்டரும் தோண்டினார்கள். பெட்டி உளுத்துப் போயிருந்தது. நான் அழவில்லை உல்ரிக், அழுவேன் என்று நானே நினைத்திருந்தேன். மண் ஒட்டியபடி அவனைப் புதுப் பெட்டியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஊரான் சட்டையெல்லாம் கழுவுகிற கை இது, என் பிள்ளையைக் கழுவாமல் விடுமா. பாத்திரம் ஒன்றும் கொண்டுபோகவில்லை, அப்பா பழக்கத்தில் தூக்கி வந்த அலசுத் தட்டுதான் இருந்தது. அதில் ஓடைத் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு எலும்பாகக் கழுவி என் வெள்ளைத் துணியில் வைத்தேன். கால் எலும்பு எவ்வளவு நீளம் தெரியுமா, உயரமான பிள்ளை. எல்லாம் முடிந்து தட்டைக் கவிழ்க்கப் போனபோது அடியில் மஞ்சளாகக் கோடு தெரிந்தது. பொடி இல்லை, அரிசி அரிசியாக. நான் கூப்பிட்டேன். காலெண்டர் எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், “கத்பர்ட் அண்ணே, குழியோட அடிக்கல்லப் பாருங்க, அத்தனையும் இதுதான்! இந்த ஒரு குழிய அலசினாப் போதும், பார்டிகாவுல போய்க் காலாட்டிக்கிட்டு உக்காரலாம்” என்று குழிக்குள் குனிந்தார். அவனைப் புதைத்தபோது அப்பாவும் அதே காய்ச்சலில் கிடந்தார், தோண்டியவர்கள் கொட்டும் மழையில் தோண்டி மூடிவிட்டுப் போனார்கள், யார் மண்ணைப் பார்த்தது.

அப்பா தட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். தங்கம் தங்கம் என்று இந்தக் காட்டிலேயே தலை நரைத்த மனிதர், விரலால் தொட்டுக்கூடப் பார்த்தார். பிறகு தட்டோடு குழிக்குள் கவிழ்த்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. “என்ன பண்றீங்க, செத்த புள்ளைக்கு அது எதுக்கு? உங்க கால் அழுகுது, என் முதுகு ஒடியுது, நமக்கு வேணும்!” என்று அந்த இடத்திலேயே கத்தினேன். அவர், “அவன் மேல ஒட்டிக்கிட்டிருந்தத நான் வித்துத் திங்க மாட்டேன் இஸ்மே” என்றார். கம்பெனி மண், பிடிபட்டால் ஜெயில் என்று காலெண்டர் தன்னையே தேற்றிக்கொண்டார், அப்புறம் அவரும் மண்வெட்டியை எடுத்துக் குழியை மூட உதவினார். ரோட்டோரத்தில் பெட்டியை இறக்கி ஜெபம் செய்தோம். நான் பல நாள் உன் அப்பாவோடு பேசவில்லை, சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

டிரெட்ஜர் ஜூலையில் அந்த மேட்டை அள்ளியது. இந்த ஓடையில் இதுவரை கிடைக்காத அளவு கிடைத்ததாம், துரை ஆளுக்கொரு கிண்ணம் ரம் ஊற்றச் சொன்னார். அப்பா வாங்க மாட்டார் என்று நினைக்கிறாயா? வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்தார், மறுநாள் வழக்கம்போல் கோடரியோடு போனார். எனக்கு அன்றைக்குத்தான் கோபம் போயிற்று, எப்படி என்று கேட்டால் தெரியாது. அவர் முதுகைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒருநாள் மரவள்ளி ரொட்டியைப் பிட்டுக்கொண்டே அவராக, “நான் தேடாத எடமில்ல இஸ்மே, அந்தப் பயலுக்குக் கீழ மட்டும் தோண்டல” என்றார்.

அதனால் மகனே, அலசுவதற்காக வராதே. மேஸ்திரி திட்டினால் காதை மூடிக்கொள், உச்சி வெயிலில் தலையில் ஈரத்துணி போட்டுக்கொள், ரம் பக்கம் போகாதே, ஞாயிறு ஆராதனையை விடாதே. எங்களைப் பார்க்க வருவதென்றால் மட்டும் வா, எப்போது வந்தாலும் உனக்குப் பிடித்த காட்டு இறைச்சிக் காரக் குழம்பு வைக்கிறேன். அப்பாவுக்கு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி அனுப்பு, தோல் வேண்டாம், இங்கே ஊறிப்போகும். அவருக்கு எழுதும்போது தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதே.

உன் போக்கிலும் வரத்திலும் கர்த்தர் காவலாக இருக்கட்டும், உன் கைவேலை பலிக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பார்டிகா ரோட்டில் வரும்போது, பாலம் தாண்டி மேடு ஏறியதும் இடப்பக்கம் சுண்ணாம்பு அடித்த மரச்சிலுவைகள் தெரியும், முதல் சிலுவை உன் அண்ணனுடையது. லாரியை அங்கே நிறுத்தச் சொல்லி இறங்கி, வந்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்து வா. இனி அவனை யாரும் எழுப்ப மாட்டார்கள், அந்த ரோட்டோர மண்ணை நான் அலசிப் பார்த்துவிட்டேன், அதில் ஒன்றுமே இல்லை.

உன்னை நினைத்திருக்கும் அம்மா,
இஸ்மே