வடக்குக்காட்டின் நான்கு எல்லை

ராய்ப்பூரில் போர் போடும் ரிக் வண்டி ஓட்டும் மகன் சந்திரசேகருக்கு அப்பன் குழந்தைவேல் சொல்லச் சொல்ல எழுதியது. இங்கே சுகம். நீயும் பேத்தி இலக்கியாவும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் ரிக் சத்தத்தில் கேட்கவில்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால் இதை அங்கே வரும் டிரைவர் யோகேஷிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மழை இல்லை. கிணற்றில் முழங்கால் தண்ணீர். மேச்சேரி ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்றுதான் நிற்கிறது.

நேற்றுக் காலையில் நான்கு பேர் வந்து வடக்குக்காட்டில் கல் நட்டார்கள். மரவள்ளிக் குச்சிக்கிழங்குக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த உன் அக்கா உண்ணாமலை, ஏனுங்க, யாரு காட்டுல யாரு கல்லு நடறது என்று கேட்டிருக்கிறாள். உங்க தம்பிதான் எங்களுக்கு விக்கிறாருங்க, உங்கப்பன் அவருக்கு எழுதிக் குடுத்தது தெரியாதுங்களா என்றார்களாம். வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. காது கேட்கும். போன தை மாதம் திருச்செங்கோடு பத்திர ஆபீசில் பத்திரத்தைப் படித்துக் காட்டினார்களே, ஒரு வார்த்தை மறக்கவில்லை. கிழக்கே அங்கமுத்து காடு, மேற்கே வண்டித்தடம், தெற்கே கிணறு, வடக்கே ஓடை. உண்ணாமலை பேர் எங்கும் வரவில்லை. கட்டிக் குடுக்காத புள்ளைக்குக் காடு எதுக்கு, அக்காளுக்கு நான் சோறு போட மாட்டனா என்றாய். உங்கம்மா பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்தபோது பெண் பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது உண்ணாமலை. அன்றிலிருந்து அந்தக் காட்டில் பாடுபட்டதும் அவள்தான். அதை அங்கே நான் சொல்லவில்லை. மிசினில் என் ரேகை மூன்று தடவை விழவில்லை. விழாமலே போகட்டும் என்று இருந்தேன். நான்காவது தடவை நீ விரலைப் பிடித்து அழுத்தினாய்.

இதை எழுதுவது உன் அக்காதான். வேறு யார் இருக்கிறார்கள். மிசின் என்று சொன்னதும் எழுந்து போய் ஆட்டுக்குத் தழை போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, அப்புறம் சொல்லுங்கப்பா என்றாள்.

எழுதிக் கொடுத்ததை நான் திருப்ப முடியாதாம். நீதான் முடியும். விற்பதற்கு முன்னால் வந்து அந்தக் காட்டை அவள் பேருக்கு எழுது. அவளைக் கேட்டால், மாசியில் கிழங்கு பிடுங்கும் வரைக்கும் விட்டால் போதும் என்கிறாள். அதை எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டாள். அந்த வரியை மட்டும் நீ படிக்காதே சாமி.

நன்றாயிரு. சீக்கிரம் வா. கீழே மை தடவிக் கைநாட்டு வைத்துவிட்டேன். முதல் தடவையிலேயே விழுந்தது.