அனாசெய்னி தேடியது

பிப்ரவரி 17, செவ்வாய்
எங்கள் தீவுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இணையப் பாடம் தொடங்கியாயிற்று. முகவரி கொடுக்காதே, முகம் தெரியாதவருக்குப் படம் அனுப்பாதே, பயமாக எதையாவது பார்த்தால் மூடிவிட்டு என்னிடம் சொல். எல்லாரும் பாட்டுப்போலத் திருப்பிச் சொன்னார்கள்.

பெயரோடு ஊரையும் சேர்த்துத் தேடினால் சரியாகக் கிடைக்கும் என்றேன். அனாசெய்னி மட்டும் அதை எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 19, வியாழன்
பிடித்ததைத் தேடுங்கள் என்று விட்டேன். பையன்கள் சுறாமீன், ரக்பி. அனாசெய்னி தன் அப்பா செமிசியின் பெயரையும், அவர் ஆப்பிள் பறிக்கப் போன நியூசிலாந்து ஊரையும் அடித்திருக்கிறாள். வீட்டில், "தோட்டத்துல சிக்னல் இல்ல, அதான் அப்பா கூப்பிடல" என்று சொல்லி வைத்திருந்தார்களாம்.

நான் போய்ப் பார்த்தபோது திரையில் செமிசி. பக்கத்தில் ஒரு பெண். செமிசியின் கையில் குழந்தை. ஞானஸ்நானப் படம்.

பயந்தால் சொல்லச் சொன்னேனே, ஏன் கூப்பிடவில்லை? அவள் அழவும் இல்லை.

"டீச்சர், அந்தப் பாப்பா பேரும் அனாசெய்னிதான் போட்டிருக்கு."

செமிசியின் அம்மா பெயர் அது. தெரியும். ஆனாலும்... ஒரே பேரு எப்படிடா வைக்க மனசு வந்துச்சு?

பிப்ரவரி 20
அவள் வரவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு
அவள் அம்மா லெசியெலி, வழக்கம்போலப் பாடகர் குழுவில் முன்வரிசை. குரல் பிசகவில்லை. ஆராதனை முடிந்ததும் தேவாலயச் சுவரோரம் என்னை நிறுத்தினாள்.

"எனக்குப் போன வருஷமே காதுல விழுந்துடுச்சு டீச்சர். புள்ளைங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு போனைக் கடல்ல வீசினேன். வழுக்கி விழுந்துடுச்சுன்னு பொய் சொன்னேன். நீங்க பள்ளிக்கூடத்துல உக்கார வச்சே காட்டிட்டீங்க!"

அன்னியர்களிடமிருந்து காப்பாற்றத்தானே சொல்லிக் கொடுத்தேன். பெத்த அப்பன்கிட்டேர்ந்து காப்பாத்த என்ன பாடம் இருக்கு?

பிப்ரவரி 26, வியாழன்
வந்துவிட்டாள். மதியம் மரவள்ளிக் கிழங்கைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், ஒரு ஆளைத் தேடினா வராம பண்ண முடியுமா?"

"முடியாதும்மா."

"அடுத்த வருஷம் தம்பி கெபு உங்க வகுப்புக்கு வருவான். அவன் தேடுறப்ப நான் பக்கத்துல வந்து உக்காந்துக்கலாமா?"

சரி என்றேன். மாலையில் லெசியெலி வீட்டுக்குப் போய், இதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 3, செவ்வாய்
பள்ளி விட்டபின் லெசியெலி வந்தாள். "அந்தப் படத்தைக் காட்டுங்க. நான் கேள்விப்பட்டதோட சரி, கண்ணால பார்த்ததில்ல."

வேண்டாமே என்றேன். கேட்கவில்லை. திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தாள். அந்தப் பெண்ணை அல்ல. செமிசி போட்டிருந்த வெள்ளைச் சட்டையை.

"இது நான் தைச்சது."

நிமிர்ந்து, "மூடிடுங்க" என்றாள். "இன்னிக்கே கெபுகிட்ட நானே சொல்லிடறேன். அவன் தனியா பார்த்துத் தெரிஞ்சுக்க வேணாம்."

மார்ச் 4
கெபு மைதானத்தில் எவனையோ அடித்துவிட்டானாம். அக்கா போய்க் கூட்டி வந்தாள். யாரும் திட்டவில்லை.

மார்ச் 10, செவ்வாய்
மறுபடி இணைய வகுப்பு. அனாசெய்னியின் பின்னால் போய் நிற்கத் தயக்கம்தான். போனேன். அவள் அப்பாவைத் தேடவில்லை. தேடும் பெட்டியில் ஒரு விரலால், மெதுவாக, அடித்துக்கொண்டிருந்தாள்:

குழந்தை எத்தனை மாதத்தில் நடக்கும்