அம்மாவின் நெற்றி விளக்கு

12.7.1998

மன்னிக்க வேண்டும். கல்லூரி ஆய்வுக்கூட அளவுகளை எழுதத்தான் இந்த நோட்டு. அதைத் திருப்பி வைத்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து என்னைப் பற்றி எழுதுகிறேன். எழுதும்படி எனக்கு என்ன நடந்துவிட்டது என்றும் தெரியவில்லை. வாயில் வராதது கையில் வருகிறதா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இறுதி ஆண்டு ஆய்வுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. விடியுமுன் இருட்டில் ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், எங்கள் பேச்சில் பால்மரம் வெட்டுகிறவர்கள், நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு. இப்போது இருப்பது சூடு. அதன் பேட்டரிப் பெட்டி இடுப்பில் செங்கல் மாதிரி தொங்கும். அதற்குப் பதிலாக எல்.இ.டி. என்ற பொடி விளக்குகளை வைத்தால் சூடாகாது, சின்ன பேட்டரி போதும். "யாருடைய யோசனை?" என்று விரிவுரையாளர் டாக்டர் ஆனந்தராஜா கேட்டார். ஆய்வில் என் கூட்டாளி வதனா என்னைக் காட்டினாள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னேன்.

வெளியே வந்ததும் வதனா, "ஐயோ உஷா, நீ பேசுறது உன் சட்டைப் பட்டனுக்கே கேக்காது லா" என்றாள்.

அவள் வீடு புக்கிட் காத்திலில். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே ஆபீசு உத்தியோகம். எங்கள் வீட்டில் பட்டம் வரைக்கும் வந்தது நான்தான் முதல்.

3.8.1998

"தோட்டத்துப் பிள்ளைதானே, உனக்கு மரம் வெட்டத் தெரியும்ல?" என்று வதனா கேட்டாள்.

தெரியாது. அம்மா என்னைத் தன் நிரைக்கு, அதாவது அவளுக்கென்று ஒதுக்கிய மர வரிசைகளுக்கு, ஒருநாளும் கூட்டிப் போனதில்லை. பள்ளி விடுமுறையில் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அம்மா அப்பாவோடு போவார்கள். நான் மட்டும் வீட்டில் இருப்பேன். "உன் கை பேனா புடிச்சா போதும், உளி புடிக்க நான் இருக்கேன்." விடியுமுன் அவள் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போவதைப் பாயில் படுத்தபடி பார்ப்பேன். வெளிச்சம் முதல் மரத்துக்குப் பின்னால் போய் மறையும். அதற்கு மேல் அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. கேட்க மாட்டேன்.

23.8.1998

விளக்கு தயார். மஞ்சள் எல்.இ.டி. கடைகளில் கிடைத்ததிலேயே அதுதான் பிரகாசம். ஆய்வுக்கூடத்தில் எல்லா அளவும் நன்றாக வந்தது. வீட்டுக்குப் போகும் ஜாசின் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா கண்ணாடி முன்னால் நின்று கட்டிப் பார்த்தாள். "என்னா இது, தலையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு!"

"உள்ளயும் ஒண்ணும் இல்லதானே" என்றார் அப்பா. சுங்கை ஊடாங்கில் ஜாகா, அதாவது காவல்காரர், வேலை அவருக்கு, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அம்மா துண்டைத் தூக்கி அவர்மேல் எறிந்தாள். விளக்கை மட்டும் கழற்றவில்லை.

24.8.1998

அம்மா நெற்றியில் என் விளக்கு. முதல் மரம் தாண்டியும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

13.9.1998

வீட்டுக்குப் போனேன். நோட்டும் பேனாவுமாக அம்மா எதிரில் உட்கார்ந்தேன்.

"லாம்பு நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்கு."

"வெளிச்சம் போதுமா?"

"போதும்."

"மரம் தெரியுதா?"

"ஏன் தெரியாம? கண்ணு என்னா பொட்டையா?"

எழுதிக்கொண்டேன். அவள் இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. "உளி பட்டுருச்சி. அதுக்கும் உன் லாம்புக்கும் சம்பந்தமில்ல" என்றாள்.

நான் அதைக் கேட்கவே இல்லையே.

5.10.1998

எங்கள் விளக்கைக் கோலாலம்பூர் கண்காட்சிக்கு அனுப்பப் போகிறார்களாம். "உண்மையான தோட்டத்தில், உண்மையான தொழிலாளியிடம் சோதித்திருக்கிறீர்கள், அதுதான் பலம்" என்றார் டாக்டர். வதனா என் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதை முழுக்க ஓடினாள். நானும் ஓடினேன்!

20.10.1998

தீபாவளிக்கு மறுநாள். பலகாரம் கொடுக்க முனியம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு அடுத்த நிரை அவருடையது.

"உங்கம்மா இன்னும் புல்லு வெட்டுலதான் இருக்காளா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

"அட, ஒனக்குச் சொல்லலியா? மண்டோரு சின்னத்தம்பி அவ நிரைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. மரமெல்லாம் காயமாம்."

மண்டோர்தான் தோட்டத்து வேலையை மேற்பார்க்கிறவர். உளி ஆழமாக இறங்கி, பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டால் அது காயம். பட்டை மறுபடி சமமாக வளராது. இத்தனை வருடத்தில் அம்மா காயம் போட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"அந்த மஞ்ச லைட்டுல பாலும் பட்டையும் ஒரே கலரா தெரியுது புள்ள. நானே ஒருநாள் கட்டிப் பாத்தேன். பழச கட்டிக்கிட்டு வாடின்னா கேட்டாளா? எம்மவ செஞ்சதுன்னு அதையேதான் கட்டிக்கிட்டு வந்தா."

பலகாரத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

21.10.1998

கேட்டேன். சத்தமாவே கேட்டேன். ஏம்மா சொல்லல?

"என்னத்த சொல்றது. நீ பேனாவ வச்சிக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்க. நல்லால்லன்னு எப்படிச் சொல்ல? ஒன்ன பெயில் போட்டுட்டாங்கன்னா?"

"உன் நிரை போச்சேம்மா!"

"புல்லு வெட்டுனா சோறு எறங்காதா?"

கோவம் வந்துச்சு. யார் மேல? அவ மேலயா? நான் என்னா இஞ்சினியரு — அம்மா முகத்துக்கு நேரா நின்னு 'நல்லா இருக்கா'ன்னு கேட்டா அவ வேற என்னா சொல்வா? அந்த மரத்துக்கிட்ட நான் ஒருநாள் நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. அழுதேன். அவள் எனக்கு முறுக்கு எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். அதற்கும் அழுதேன்.

26.10.1998

வதனாவிடம் சொன்னேன். தோட்டத்துச் சோதனையை அறிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னேன்.

"உங்கம்மா நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அதான் டேட்டா. முடிஞ்சுது லா!"

"அது டேட்டா இல்ல. அது அம்மா."

வதனா அறிக்கையை மூடி வைத்தாள். "கண்காட்சி போயிடும். மார்க்கு போயிடும். உனக்கு மட்டும் இல்ல, எனக்கும்தான்."

உண்மைதான்.

27.10.1998

அவள் கேன்டீனில் வேறு மேசையில் உட்கார்ந்தாள்.

2.11.1998

காலையில் வதனா வந்து, "எனக்கு அந்தப் பட்டையக் காட்டு" என்று மட்டும் சொன்னாள். நான் கேட்டு முனியம்மா அக்கா கொடுத்தனுப்பிய மரத்துண்டையும் பால் போத்தலையும் இருட்டறைக்குக் கொண்டுபோனோம். விளக்கை அவள் கட்டிக்கொண்டாள். நான் பட்டையைக் கீறி, அதன்மேல் போத்தலில் இருந்த பாலை விட்டேன்.

"உஷா, எங்க கீறுன?"

"உன் மூக்குக்கு நேரா."

அவள் குனிந்து குனிந்து பார்த்தாள். பட்டை, பால், கட்டை எல்லாம் ஒரே காமாலை நிறம். சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இத வச்சுக்கிட்டா உங்கம்மா அவ்வளவு நாள் வெட்டுனாங்க?"

சாயங்காலம் இருவரும் டாக்டரிடம் போனோம். அவர் அறிக்கையைப் புரட்டினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "இந்த வருடம் உங்களுக்குக் கண்காட்சி இல்லை. விளக்கைச் சரிசெய்ய நேரம் இருக்கிறது" என்றார்.

29.11.1998

இரண்டாவது விளக்கு. நடக்க மஞ்சள், வெட்டும்போது மட்டும் ஒரு சின்ன வெள்ளை பல்பு. பொத்தானை அழுத்தினால் எரியும். அம்மாவிடம் கொடுக்கும்போதே சொன்னேன்: "இந்தத் தடவ நீ திட்டணும். திட்டலன்னா எடுத்துட்டுப் போயிடுவேன்."

லயத்துக்குப் பின்னால் இருக்கும் கிழட்டு மரத்தில் போய் வெட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். வாசலில் நின்று தொண்டையைச் செருமினாள்.

"படிச்ச புள்ளதானே நீ? ரெண்டு கையும் உளியில இருக்கு. பொத்தான அமுக்க மூணாவது கைக்கு நான் எங்க போவேன்?"

இவ்வளவு அழகாக என்னை யாரும் திட்டியதில்லை.

14.12.1998

பொத்தானே வேண்டாம். தலை குனிந்தால் உள்ளே ஒரு குண்டு உருண்டு இணைப்பைச் சேர்க்கும், வெள்ளை விளக்கு எரியும். நிமிர்ந்தால் அணைந்துவிடும். வதனாவின் யோசனை பாதி, என்னுடையது பாதி. ஆய்வுக்கூடத்தில் அதைச் சோதிக்க இருவரும் ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுக்கொண்டே இருந்தோம். உதவியாளர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

10.1.1999

புது விளக்கோடு அம்மா கிழட்டு மரத்தில் வெட்டிக் காட்டியதும் மண்டோர் அவள் நிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "காயம் பட்டா மறுபடியும் புல்லுதான் ராஜம்மா" என்றாராம். வாரம் ஒன்று ஆகிவிட்டது. காயம் இல்லை. முனியம்மா அக்காவிடமும் விசாரித்துவிட்டேன்.

20.1.1999

வாய்மொழித் தேர்வு. மூன்று பேராசிரியர்கள். "முதல் விளக்கு ஏன் தோற்றது?" என்று ஒருவர் கேட்டார். வதனா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

வெளிச்சத்தை அளந்தோம், நிறத்தைப் பார்க்கவில்லை என்றேன். சோதித்தவர் என் அம்மா, மகள் செய்தது என்பதால் நன்றாக இருக்கிறது என்றார், அப்படிக் கேட்டது எங்கள் பிழை என்றேன். பிறகு நடுவில் இருந்த மலாய்ப் பேராசிரியர், "எங்கம்மாவும் இப்படித்தான்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

வெளியே வந்ததும் வதனா என் தோளைத் தட்டினாள். "இன்னிக்குப் பட்டனுக்கு மட்டும் இல்ல லா, பார்க்கிங் வரைக்கும் கேட்டுச்சு."

7.2.1999

தேறிவிட்டோம். பினாங்கில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டன. கொஞ்ச நாளில் மரம் வெட்டுவதை நிறுத்திவிடுவார்கள்.

அம்மா எனக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். கட்டைவிரலில் தழும்பு மட்டும் இருக்கிறது. "உன் கையப் பாரு, எவ்வளவு பூவா இருக்கு" என்று இன்றும் ஒருமுறை தடவிப் பார்த்தாள். அதனால்தான் அந்த ஒன்றை இத்தனை நாள் அவளிடம் கேட்கவில்லை. அந்தக் கையை அவள் எப்படிக் காத்தாள் என்று எனக்குத் தெரியும்.

நாளை காலை அவள் விளக்கைக் கட்டும்போது கேட்கப் போகிறேன். வாயில் வராமல் போய்விடக் கூடாது என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்:

அம்மா, இன்னிக்கு நானும் வர்றேன். உளியத் தொட மாட்டேன். நீ குனியறப்ப அது எரியுதான்னு பக்கத்துல நின்னு பாக்கணும். ஒரே ஒரு நாளு, உன் நிரைக்கு என்னையும் கூட்டிட்டுப் போம்மா.