ஒல்லாந்தில் மூன்று வாரம்

அக்கா,

இன்று காலை ஒரு மாணவி கம்பளிச் சட்டை இரவல் கேட்டு வீட்டுக்கு வந்தாள். எங்கள் முகாமைத்துவப் பட்டப்பின் வகுப்பிலிருந்து எட்டுப் பேர் அடுத்த வாரம் வெளிநாட்டுக்கு ஒரு குறுகிய காலப் படிப்புக்குப் போகிறார்கள். அங்கே இப்போது பனி கொட்டுகிறதாம். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய பையை இறக்கித் திறந்தேன். பூச்சி உருண்டை வாசம் குப்பென்று வந்தது. அந்தப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சட்டையை உதறிக் கொடுத்து அவளை அனுப்பிவிட்டு, நான் அந்தப் பையின் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. உங்களோடு பேசாமல் விட்ட ஒரு விஷயம் எனக்குள் கிடக்கிறது. அதை இன்றைக்காவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கண்டியில் சனி, ஞாயிறுகளில் நடந்த அந்த வகுப்பில் தமிழ்ப் பெண்கள் என்று நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து படித்து வந்து, கண்டியில் ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கணக்காளராக இருந்தீர்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முதல் நாள் பக்கத்துக் கதிரையில் நான் உட்கார்ந்ததும், "நீர் தமிழோ?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். "ஆமாங்க" என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே நான் எந்தப் பக்கத்தவள் என்று உங்களுக்கும், நீங்கள் எந்தப் பக்கத்தவர் என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

ஆரம்பத்தில் இருவருமே கொஞ்சம் தள்ளி நின்றுதான் பழகினோம். யாழ்ப்பாணத்தார் மலையகத்தவர்களான எங்களை ஒரு மாற்றுக் குறைவாகத்தான் பார்ப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. நம்மை நெருங்க வைத்தது பாடங்கள்தான். புள்ளிவிபரவியல் எனக்கு ஏறவில்லை, சந்தைப்படுத்தல் உங்களுக்கு ஏறவில்லை. "தேவையில்லாததைத் தேவையெண்டு சொல்லி விக்கிறதுக்கு ஒரு பாடமோ?" என்று சலித்துக்கொள்வீர்கள். மத்தியானங்களில் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தோம்.

பிறகு நகரத்தில் குண்டு வெடித்தது. உங்கள் போர்டிங் வீட்டுக்காரம்மா கெட்டவர் அல்ல. பொலிஸ் இரண்டாம் தடவையும் வந்து உங்கள் அறையைக் கிண்டிவிட்டுப் போன பிறகு, அழுதுகொண்டேதான் வேறு இடம் பார்க்கச் சொன்னாராம். நீங்கள் அதை வகுப்பில் என்னிடம் சொன்னபோது, "எங்க வீட்டுக்கு வாங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஒரு அறை, ஒரு குசினி, முழு லயத்துக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அங்கே இவர் எப்படி இருப்பார் என்று நினைத்துக்கொண்டே அன்று பின்னேரம் உங்களைக் கலஹா பஸ்ஸில் ஏற்றினேன். அம்மா கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "சின்ன வீடுதாம்மா. இருக்கிறத வச்சு இருப்போம்" என்றார். "எனக்குப் படுக்க ஒரு பாய் காணும், அம்மா" என்றீர்கள். அன்று தொடங்கி மாதக்கணக்கில் எங்களோடு இருந்தீர்கள். காலையில் வாளியோடு குழாயடி வரிசையில் நின்றீர்கள். நீங்கள் கணக்காளர் என்று எத்தனை தடவை சொன்னாலும் அப்பா உங்களை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்.

ஒல்லாந்துக்கு மூன்று வாரப் படிப்புக்கு ஆறு பேரைத் தெரிவுசெய்தார்கள். நம் இருவருக்கும் இடம் கிடைத்தது. தமிழ் ஆட்கள் போனால் திரும்பி வரமாட்டார்கள் என்ற பேச்சு வகுப்பில் கிளம்பியது. ஒருநாள் பாடநெறிக்குப் பொறுப்பான பேராசிரியர் நம்மைத் தன் அறைக்கு அழைத்தார். நல்ல மனிதர். மேசையிலிருந்த பேனையை உருட்டியபடி, திரும்பி வருவோமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒருவர் அங்கே நின்றுவிட்டாலும் பின்னால் வருகிறவர்களுக்கு இந்த வாய்ப்புப் போய்விடும் என்று மேலிடத்தில் சொல்கிறார்களாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் மட்டும் நிதானமாக, இந்தக் கேள்வியை ஆறு பேரிடமும் கேட்டீர்களா என்று திருப்பிக் கேட்டீர்கள். அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு இல்லை என்றார். அன்று பின்னேரமே ஆறு பேரையும் ஒன்றாக அழைத்து அதே கேள்வியைக் கேட்டார். மற்ற எல்லோரும் வருவோம் என்றோம். நீங்கள் மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை. வராமல் விட வேண்டும் என்று நினைத்ததில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றீர்கள். அவர் அதையே ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

கடவுச்சீட்டுக்காக நான் அப்பாவுக்குப் பிந்தித்தான் கிடைத்த பிரஜாவுரிமைப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். நீங்கள் பொலிஸ் சான்றுக்காக அலைந்தீர்கள். ஒருநாள் பேராதனையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, "நீர் இந்த நாட்டு ஆள் எண்டு காட்டோணும். நான் நல்ல ஆள் எண்டு காட்டோணும்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒல்லாந்தில் நாம் தங்கிய அந்தத் துறைமுக நகரத்தை இப்போது நினைத்தால் காற்றுத்தான் முதலில் ஞாபகம் வருகிறது. காலையில் வகுப்பு, மத்தியானத்துக்குப் பிறகு கம்பனிகளைப் பார்க்கப் போவது என்று நாட்கள் ஓடின. நகரும் படிக்கட்டைக் கண்டால் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். பொலிஸுக்கும் பேராசிரியருக்கும் பயப்படாதவர் அதற்குப் பயந்தீர்கள். வழியில் யாரும் என்னை மறித்து அடையாள அட்டை கேட்கவில்லை. முதல் வாரம் முழுவதும், அட்டை இருக்கிறதா என்று கைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இரண்டாம் வாரம் அந்தப் பழக்கம் தானாகவே விட்டுப்போயிற்று.

ஒருநாள் தேயிலைக் களஞ்சியம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். கூரை வரைக்கும் மூட்டைகள். பல நாட்டுத் தேயிலைகளைக் கலந்து ஒரே சுவையாக்கி எப்படி விற்கிறார்கள் என்று ஓர் அதிகாரி விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு வரிசையில் எங்கள் தோட்டத்தின் பெயர் அச்சடித்த மூட்டைகள் இருந்தன. கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பெயர் அது. அம்மாவின் கூடை எங்கே போய் முடிகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. நீங்கள் அருகில் வந்து நின்றீர்கள். கடைசியில் அவர்கள் தந்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கை உங்கட அம்மா பறிச்சது கனக்க இல்லை. இருந்தால் இன்னும் சாயம் இருந்திருக்கும்" என்று காதுக்குள் சொன்னீர்கள். அழுகை வரப்போன இடத்தில் சிரித்துவிட்டேன். மறுநாள் வகுப்பில் முதல் தடவையாக எழுந்து நின்று, அந்த மூட்டைகள் கிளம்பி வரும் இடத்தைப் பற்றிப் பேசினேன். நடுவில் உட்காராமல் பேசி முடித்தேன்.

நாம் புறப்படுவதற்கு முதல் நாள் உங்கள் தம்பி ஜேர்மனியிலிருந்து மனைவியோடும் கைக்குழந்தையோடும் ரயிலில் வந்தார். பத்து வருடங்களுக்கு மேலாக நீங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. என்னையும் கூட இருக்கச் சொன்னீர்கள். நாம் தங்கியிருந்த விடுதியின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தோம். அவர் எல்லாவற்றையும் ஒழுங்குசெய்துவிட்டுத்தான் வந்திருந்தார். தங்க இடம், பேச ஒரு சட்டத்தரணி. நீங்கள் அன்று பின்னேரமே அவரோடு கிளம்பினால் போதும்.

"அக்கா, திரும்பிப் போய் என்ன செய்யப்போறியள்? இன்னொரு குண்டு வெடிச்சால் முதல்லை உங்களைத்தான் பிடிப்பாங்கள்" என்றார்.

"ஓம், பிடிப்பாங்கள்தான்."

"பிறகேன் போறியள்?"

குழந்தையை மடியில் வைத்திருந்தீர்கள். அதன் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னீர்கள். "இஞ்ச நிண்டால் நானும் உன்னைப்போலை அம்மாவைப் பாக்கேலாது. அங்க யாழ்ப்பாணத்துக்குப் போற பாதை இப்ப பூட்டித்தான் கிடக்கு. ஆனால் ஒருநாளைக்குத் திறக்கும்தானே."

அவர் அகதியாக வந்தவர். அவருடைய வழக்கே முடியாமல் கிடந்தது. ஊருக்குத் திரும்ப வழியில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "நீங்களும் யோசியுங்கோ தங்கச்சி" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். யோசிக்காமல் இல்லை. தடவிப் பார்க்காமல் விட்ட அந்தக் கைப்பையை நினைத்தேன். பிறகு அம்மாவையும் அப்பாவையும் நினைத்தேன். பின்னேரம் அவர்களை வழியனுப்ப நீங்கள் தனியாக ரயில் நிலையத்துக்குப் போனீர்கள். இருட்டுமுன் திரும்பி வந்துவிட்டீர்கள். மறுநாள் காலை எங்களோடு விமானம் ஏறினீர்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஐந்து பேரை விட்டுவிட்டு உங்களை மட்டும் மறித்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததுதான் காரணம். வெளியே பேராசிரியர் ஒரு வான் வண்டியோடு காத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் உள்ளே போனார், வந்தார், திரும்பவும் போனார். பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த நம் வகுப்பு நிஷாந்த, எல்லோரும் வராமல் தான் வானில் ஏறப்போவதில்லை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் நீங்கள் வெளியே வந்தீர்கள். முகம் வெளிறியிருந்தது. எங்களைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டீர்கள். யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. வானில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனீர்கள். உள்ளே என்ன கேட்டார்கள் என்று பிறகும் நீங்கள் சொன்னதில்லை.

சமாதானம் என்று சொன்ன அந்தக் கொஞ்ச காலத்தில் பாதை திறந்தது. முதல் வாரமே நீங்கள் போய் உங்கள் அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிவந்தீர்கள். தெல்தெனியப் பக்கம் ஒரு வீடு வாடகைக்கு எடுத்தீர்கள். குளிர் என்று முறைப்பாடு செய்தபடியே அவர் நான்கைந்து வருடம் உங்களோடு நிறைவாக வாழ்ந்து, உங்கள் கையாலேயே கடைசித் தண்ணீர் குடித்தார். அப்போதும் தம்பியால் வர முடியவில்லை. யுத்தம் முடிந்து, ஓய்வும் பெற்ற பிறகு நீங்கள் யாழ்ப்பாணம் திரும்பினீர்கள்.

நான் அதே வகுப்பில் விரிவுரையாளரானேன். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை இப்படி அனுப்புகிறேன். போகுமுன் உங்கள் கதையைச் சொல்வேன். ஒரு நிமிடமும் தயங்காமல் திரும்பி வந்த ஒரு பெண்ணின் கதை என்றுதான் சொல்லி வந்தேன்.

போன வருடம் உங்கள் காரியங்கள் முடிந்த மறுநாள் தம்பியோடு உங்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அவர் ஜேர்மன் பிரஜை. தலை முழுக்க நரைத்துவிட்டது.

"தங்கச்சி, அண்டைக்கு ஸ்டேஷனிலை அக்கா என்ன சொன்னவ தெரியுமோ?" என்றார். "'மனிசியையும் பிள்ளையையும் முதல் ரயிலிலை அனுப்பிப்போட்டு நீ நில். நான் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வாறன்' எண்டவ. நான் கடைசி ரயில் வரைக்கும் நிண்டனான்."

பிறகு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லையா என்றேன்.

"கேக்கேல்லை. அவவும் சொல்லேல்லை" என்றார். குரலில் மனத்தாங்கல் இல்லை.

அன்றிலிருந்து அந்தப் பின்னேரத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன், அக்கா. நீங்கள் அறைக்குள் வந்தீர்கள். உங்கள் பை கட்டி முடித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. பையைத் தொடாமல் கட்டிலின் ஓரத்தில் சப்பாத்தோடேயே உட்கார்ந்தீர்கள். "கொஞ்சம் தேத்தண்ணி போடுமன்" என்றீர்கள். போட்டுக் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. லயத்துப் பிள்ளைகளுக்கு வாங்கிய சொக்லேட்டுகளைப் பங்கு பிரித்துக்கொண்டே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். டீச்சர் வருமுன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து வைக்கப்போவதாக அப்பா சொன்னதையும் சொன்னேன்.

"என்ன நிறமாம்?" என்று கேட்டீர்கள்.

"நீலம்" என்றேன்.

சின்னதாகச் சிரித்தீர்கள். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தீர்கள். பிறகு குனிந்து, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சப்பாத்து லேஸை அவிழ்த்தீர்கள்.

எது உங்களை நிறுத்தியது என்று எனக்குத் தெரியாது. அம்மாவா, பயமா, களைப்பா, இனிக் கேட்க முடியாது. அந்த நீலச் சுவர்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் போக எழுந்தவர்தான் நீங்களும் என்று தெரிந்த பிறகு முன்னைவிட இன்னும் நெருக்கமாகிவிட்டீர்கள். தயங்காத பெண்ணின் கதையை இப்போது நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. போய் நன்றாகப் படியுங்கள், கண்ணைத் திறந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன். எனக்கென்று வைத்திருப்பது, குனிந்த உங்கள் தலையும், அதற்குப் பக்கத்தில் ஒன்றும் அறியாமல் பேசிக்கொண்டே இருந்த என் குரலும்தான்.