படிக்கட்டுக்குக் கீழே ஒரு சூட்கேஸ்

அன்புள்ள டிரைவருக்கு,

இங்கே எல்லோரும் சௌகரியம். மழைதான் விடவில்லை.

என் கணவர் ரெக் இப்போது பொம்மை பஸ் சேர்க்கிறார். முன்னறை முழுக்கப் பழைய டபுள் டெக்கர்கள், எல்லாம் சின்னச் சின்னத் தனியார் கம்பெனிகள் ஓட்டியவை. அலமாரியைத் துடைப்பது நான். பஸ்ஸைத் தொடுவது அவர் மட்டும். நேற்று புதிதாக ஒன்று வந்தது. கிரிம்ஷா கம்பெனியின் பச்சை பஸ், நெற்றியில் மோர்கம் என்று ஊர்ப்பெயர். நீ ஓட்டிய பஸ்.

"பழைய போட்டோவப் பாத்து அச்சு அசலா செஞ்சிருக்கான்," என்று பூதக்கண்ணாடியை நீட்டினார். "படிக்கட்டுக்குக் கீழ பாரேன், ஒரு சூட்கேஸ்கூட இருக்கு!"

பழுப்பு சூட்கேஸ். கைப்பிடியில் நான் கட்டிய சிவப்பு ரிப்பன், ஒரு புள்ளியாக.

"எந்த மக்கு விட்டுட்டுப் போச்சோ!" என்று சிரித்தார்.

"மறந்திருப்பாங்க," என்றேன்.

அந்த பஸ்ஸுக்குப் பின்பக்கம் கதவே கிடையாது. கால் எடுத்து வைத்தால் போதும். அன்று நாம் பேசிவைத்தபடி பெட்டியை ஏற்றிவிட்டு, நான் மட்டும் நடைபாதையிலேயே நின்றேன். கண்டக்டர் மணியடித்தார்.

அதை விடு. பெட்டியில் என் நல்ல செருப்பு இருந்தது. யாருக்காவது கொடுத்திருப்பாய்.

பதில் போடாதே. வருகிற தபாலையெல்லாம் ரெக்தான் பிரிப்பார். ஒன்று மட்டும் நானே நினைத்துக்கொள்கிறேன்: முன்னால் தனிக் கூண்டில் உட்கார்ந்திருந்த உனக்குப் பின்னால் நடப்பது தெரியாது. மோர்கம் போய் இறங்கிப் பார்க்கும்வரை, நான் உன்னோடு வந்துகொண்டுதானே இருந்தேன்?

இப்படிக்கு,
பெட்டிக்காரி