கொரிந்தில் செத்த என் மகனுக்கு

கொரிந்து நகரில், சைப்ரஸ் மரத் தோப்பில், கூரையே வேண்டாம் என்று தரையில் கிடக்கும் என் மகன் தியோக்ளிசுக்கு ஏதென்சிலிருந்து அம்மா லிசில்லா எழுதுவது.

இங்கே யாரும் நலமில்லை. நீ நலமா என்று கேட்கவும் எனக்கு மனமில்லை. கடிதம் கொண்டுவரும் கருவாட்டு வியாபாரி தோரியோனிடம் நட்டநடுச் சந்தையில் நின்று உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். தின்பது, தூங்குவது எல்லாம் தெருவில்தான் என்று ஆனவனுக்கு அம்மா திட்டுவது மட்டும் ரகசியமாக எதற்கு? உன் கூட்டாளிகளும் கேட்கட்டும். தெருவில் கிடந்து தத்துவம் பேசும் உங்களை ஊரார் நாய்க்கூட்டம் என்றால் உங்களுக்குப் பெருமையாக இருக்கிறதாமே.

முதலில் உன் நாக்கைப் பற்றிப் பேசுகிறேன். ஒலிவக் காய் பறிப்பதற்கு முன்னால் இரண்டு பேர் உன்னிடம் வந்தார்கள் அல்லவா? "நீங்கதானே மிக்கியோன் மகன் தியோக்ளிஸ்?" என்று கேட்டார்கள். நீ கொண்டைக்கடலையை மென்றுகொண்டே, "அவன் செத்து ரொம்ப நாளாச்சு. நான் அவன் வீட்டு நாய்" என்றாயாம். கூட்டம் கைதட்டியதாம். அந்தப் பேச்சு காற்றாய் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. சவரக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். தண்ணீர்த் துறைக்குப் போனால் பெண்கள் என்னிடமே சொல்கிறார்கள், நானும் சிரிப்பேன் என்று நினைத்து.

அந்த இரண்டு பேரை அனுப்பியவன் உன் சித்தப்பா அரெசியாஸ். "கொரிந்துல விசாரிச்சோம், தியோக்ளிஸ் செத்துட்டான்னு அங்க இருந்த ஆளே சொன்னான்" என்று அவர்கள் பலிபீடத்தின் முன் சத்தியம் செய்யப் போகிறார்கள். சொன்ன ஆள் யார் என்பதை மட்டும் விழுங்கிவிடுவார்கள். பொய் ஒரு சொல்கூட இல்லை, பார்த்தாயா? பொய்ச் சாட்சி என்று நான் கத்தக்கூட வழியில்லாமல் செய்துவிட்டாய், புத்திசாலி.

சட்டம் உனக்கு மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். தகப்பனும் கூடப்பிறந்தவனும் இல்லாத பெண்ணை, வீடு நிலத்தோடு சேர்த்து, தகப்பன் வழியில் நெருங்கிய உறவுக்காரன் மனைவியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உன் அப்பா போய் வருஷம் திரும்பிவிட்டது. நீயும் செத்தாயிற்று. மிச்சம் இருப்பது உன் தங்கை மெலித்தாவும் இந்த வீடும் ஒலிவத் தோப்பும். நெருங்கியவன் அரெசியாஸ். இதற்காகவே அவன் தன் மனைவியை மூட்டை கட்டிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மெலித்தாவைச் சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்தவன், இப்போது முற்றத்தில் நின்று அவளை மேலும் கீழும் பார்க்கிறான்.

உன் அப்பா பேசி வைத்த பையன், துறைமுகத்து மோஸ்கியோன், இன்னும் காத்திருக்கிறான். "அண்ணன்காரர் வந்து நாலு பேர் முன்னால கையப் பிடிச்சுக் குடுத்தா போதும்மா" என்கிறான். அண்ணன்காரர் நாயாகிவிட்டார் என்று அவனிடம் எந்த வாயால் சொல்வேன்?

நடுவர் முன்னால் பெண் பேச்சு எடுபடாது. நீ உயிரோடு இருக்கிறாய் என்று சொல்ல ஊர் மதிக்கும் ஓர் ஆண் வேண்டுமே என்று உங்கள் ஞானிகளின் வாசலெல்லாம் ஏறி இறங்கினேன். தோட்டத்தில் கூடித் தத்துவம் பேசுகிறவர்கள் நல்லவர்கள்தான். உட்காரவைத்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தார்கள். "வழக்கு கிழக்குன்னு போனா மனசு நிம்மதி போயிடும்மா" என்றார்கள். யாருடைய நிம்மதி என்று கேட்டேன், இன்னொரு துண்டு ரொட்டியை நீட்டினார்கள். ஓவிய மண்டபத்தில் பாடம் சொல்லும் ஞானி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "உங்க கையில இல்லாததுக்கு ஏம்மா அழறீங்க?" என்றார். என் கையில் இல்லாததால்தானே அழுகிறேன்!

எதையும் சந்தேகப்படும் அகாதமித் தோப்பு ஞானிகளில் ஒருவர் போன மாதம்தான் உன்னைக் கொரிந்தில் பார்த்து வந்தவர். காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அவரை மாதிரி ஒரு தோற்றம் எனக்குத் தெரிஞ்சது உண்மை. ஆனா அது அவர்தான்னு எப்படிம்மா உறுதியாச் சொல்றது?" என்றார். பெற்றவளிடம் சொல்கிறார்! கையிலிருந்த கூடையால் அடித்துவிட்டு வந்தேன். அடி பட்டதாவது உறுதிதானா என்று கேட்டேன்.

உங்கள் பேச்செல்லாம் காலத்துக்கும் நிற்கும் என்று பெருமை வேறு. நிற்கட்டும். உன் வாயிலிருந்து விழுந்த அந்த ஒரு வேடிக்கையைப் பேரன் பேத்தி காலத்திலும் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்கு விலையாகப் போன பெண்ணைப் பற்றி எவன் சொல்வான்?

இன்னும் கேள். அரெசியாஸ் உனக்கு ஈமக்கடனும் செய்து முடித்துவிட்டான். வெறும் பாடையைத் தூக்கிக்கொண்டு, கூலிக்கு ஒப்பாரி வைக்கும் பெண்களோடு, விடியுமுன் நகர வாசலைத் தாண்டிப் போனான். நான் வீட்டு வாசல் தாண்டவில்லை, துக்கத்துக்கு முடியும் வெட்டிக்கொள்ளவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று தெரு முழுக்கப் பேசுகிறது. மெலித்தாவின் முடியை மட்டும் பிடித்து வெட்டி, உன் வெற்றுக் குழியில் போட்டான். அன்றிலிருந்து அவள் தறியில் உட்கார்ந்தால் எழுவதே இல்லை.

அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பது கோயில் பூசாரி சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஈமக்கடன் செய்யப்பட்டவன் உயிரோடு திரும்பி வந்தாலும் தீட்டுப்பட்டவனாம். கோயிலுக்குள் போகக்கூடாது, அடுப்பைத் தொடக்கூடாது, சத்தியம் செய்யக்கூடாது. அவன் மறுபடி பிறக்க வேண்டும். பெண்கள் அவனைக் குளிப்பாட்டி, பிறந்த குழந்தைக்குச் சுற்றுவதுபோல் துணியில் சுற்றி, பெற்றவள் மார்பில் போட வேண்டும். அதன் பிறகுதான் அவன் மனிதன், மிக்கியோனின் மகன், மெலித்தாவின் அண்ணன்.

இந்தச் சடங்கைச் செய்வேன் என்று நான் சொன்னதும் அரெசியாஸ் என் முகத்துக்கு நேரே சிரித்தான். "அந்த நாய் இதுக்கு ஒத்துக்குமா அண்ணி? ஊரையே பாத்துச் சிரிக்கறவன், ஊர் தன்னைப் பாத்துச் சிரிக்க விடுவானா?" என்றான். எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அவன் உன்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறான்.

வெட்கம் என்பது ஊர் கட்டிவைத்த பொய் என்று சொல்கிறாயே, இப்போது காட்டு பார்க்கலாம். தெருவில் படுப்பதற்கு என்ன வெட்கம் வேண்டும்? பார்ப்பவர்கள் உன்னைப் பெரிய ஆள் என்கிறார்கள். பெரிய ஆள் என்று யாரும் சொல்லாத இடத்தில், தாடியும் மீசையுமாகத் துணியில் சுற்றிக் கிடப்பாயா? சடங்கெல்லாம் செயற்கை, இயற்கைதான் சத்தியம் என்பாயே. பசு கன்றை நக்குவது எந்த ஊர்ச் சட்டம் என்று உன் கூட்டாளிகளைக் கேள்.

அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் வழக்கு எடுக்கிறார்கள். மெகாரா வழியாக நடந்தால் இரண்டு நாள். உன் கொள்கையை விடச் சொல்லவில்லை. கந்தலும் கோலும் உன்னோடே இருக்கட்டும். தங்கையின் கையை மோஸ்கியோன் கையில் வைத்துவிட்டு அன்றைக்கே நாயாகத் திரும்பிப் போ. தடுக்க மாட்டேன்.

துணி துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நீ வளர்ந்த ஆள். என் மடி கொள்ளாது. கொள்கிற மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

நடந்து வரும் உன் காலில் முள் தைக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை இன்னொரு முறை பெறக் காத்திருக்கும் அம்மா,
லிசில்லா