முடிவு தெரியாத மூணு படம்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். நேத்து மாதிரி தொடாம விட்டுடாதீங்க.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன். உங்களை எழுப்பலை. எழுப்பினா, "பொண்ணை அந்தக் கோலத்துல பார்க்க என்னால முடியாது"ன்னுதான் சொல்லுவீங்க. என்னால மட்டும் முடியுதா?

டிவி பக்கத்துல பழைய பட சிடி மூணு எடுத்து வெச்சிருக்கேன். கப்பல் படம், திருடனும் போலீசும் சேர்ந்து ஓட்டல் நடத்துற சிரிப்புப் படம், கருப்பு வெள்ளைப் பேய்ப் படம். எல்லாம் நம்ம பொண்ணு கேட்டதுதான்.

சின்னப் பிள்ளையில, யாராவது செத்துடுவாங்களோன்னு பயந்து, முடியப்போற நேரத்துல டிவியை அணைச்சுட்டு ஓடுவாளே. நாமளும் அவளுக்காக அப்படியே விட்டுட்டோம். அந்தக் கப்பல் முழுகுச்சா இல்லையான்னுகூட இந்த வீட்ல யாருக்கும் தெரியாது. நேத்து கேக்குறா: "அதெல்லாம் எப்படித்தாம்மா முடிஞ்சுது? படத்தைப் பார்த்துட்டு வந்து அப்பாவைச் சொல்லச் சொல்லு. இப்ப எனக்குப் பயமில்லை."

அவ அப்படிச் சொன்னதுல எனக்கிருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போயிடுச்சுங்க.

குழாய் ரிப்பேர்க்காரர் வருவார். சாவியைப் பக்கத்து வீட்டம்மாகிட்ட கொடுத்துடுங்க.

பி.கு: சோகமா முடிஞ்சா, நல்லபடியா முடிஞ்சுதுன்னு கதை கட்டாதீங்க. உங்க மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்.

இன்னொண்ணு. மூணையும் பார்த்துட்டுப் போகலாம்னு உக்காந்துடாதீங்க. ஒண்ணு முடிஞ்சதும் கிளம்பி வந்துடுங்க. மூணுக்கும் நேரம் இருக்குன்னு டாக்டர் சொல்லலை.